கொக்குவிலில் ஒரு குசினி: 83 நாள் கணக்கு

யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டுப் பழைய குசினியைப் புதுப்பிக்கும் வேலை 2024 மே 27 இல் தொடங்கி ஓகஸ்ட் 17 இல் முடிந்தது. மொத்தம் 83 நாள். அதில் ஆட்கள் வந்து வேலை செய்தது 37 நாள்தான். மிச்சம் 46 நாளும் முற்றத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டு, இன்றைக்காவது யாரும் வருவார்களா என்று படலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்தக் கணக்கெல்லாம் ஞாபகத்தில் இருந்து வருவதில்லை. முதல் நாளே ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, யார் எத்தனை மணிக்கு வந்தார், என்ன செய்தார், எவ்வளவு கொடுத்தேன், வராவிட்டால் என்ன காரணம் சொன்னார் என்று இரவில் எழுதி வைத்தேன். காரணம் எழுதும் பத்திதான் வேகமாக நிரம்பியது.

வீட்டை அப்பா 1958 இல் கட்டினார். வெள்ளைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த சுவர், பனஞ்சிலாகை, மேலே ஓடு. குசினி வீட்டோடு ஒட்டாமல் பின்பக்கம் தனியாக, 14 அடிக்கு 11 அடி. அந்தக் காலத்தில் விறகடுப்புப் புகைக்கும் தீக்கும் பயந்து அப்படித்தான் கட்டினார்கள். பிறகு இரண்டுக்கும் நடுவில் தகரம் போட்டு ஒரு தாழ்வாரம் இறக்கினோம். உள்ளே மேடை முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, சிங் கிடையாது, ஏனம் கழுவுவது கிணற்றடியில். அம்மாவுக்கு 74 வயது, குனிந்து எழும்ப முடியவில்லை. மனைவி பள்ளிக்கூட ஆசிரியை, காலை ஆறரைக்குள் சமையல் முடிய வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சி பாதிக் காசு தருவதாகச் சொன்னாள். காசோடு சேர்த்து வாட்ஸ்அப்பில் படங்களும் அனுப்பத் தொடங்கினாள்.

கொந்தராத்துக்காரர் ஒருவர் வந்து பார்த்து 14 லட்சம் சொன்னார். நான் சாமான் விலை, கூலி எல்லாம் விசாரித்துக் கூட்டிப் பார்த்தேன், எட்டரை லட்சம் வந்தது. ஐந்தரை லட்சம் வித்தியாசம் கண்ணை மறைத்துவிட்டது. நானே நின்று செய்விப்பது என்று முடிவெடுத்தேன். வெளிச்சுவரை நகர்த்தினால் பிரதேச சபையில் படம் கொடுத்து அனுமதி எடுக்கவேண்டும். அதனால் நாலு சுவரும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்பது மட்டும் தொடக்கத்திலேயே தீர்மானம்.

திட்டம் போட்ட விதத்தில் ஒன்றைச் சரியாகச் செய்தேன் என்று துணிந்து சொல்வேன். தங்கச்சி அனுப்பிய படங்களை வைத்துக் கொப்பியில் கீறுவதை விட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் அடுப்புச் சாம்பலால் 14 அடிக்கு 11 அடி பெட்டி கீறினேன். வாசல், யன்னல் இருக்கும் இடங்களில் தடி நட்டேன். சீமெந்துக் கற்களை அடுக்கி மேலே பலகை போட்டு மேடை. வெறும் ரின் ஒன்று பிறிட்ஜ். அம்மாவையும் மனைவியையும் உள்ளே விட்டு, ஒரு கத்தரிக்காய்க் குழம்பு வைப்பதுபோல நடித்துக் காட்டச் சொன்னேன். அயல் வீட்டுப் பிள்ளைகள் மதிலில் ஏறி நின்று சிரித்தார்கள்.

அம்மா பலகைக்கு முன்னால் நின்று அகப்பையைத் தூக்கினார். கை தோளுக்கு மேலே போனது.

"உந்த உயரத்திலை கறி கிண்டுறதெண்டால் எனக்கு ஒரு ஏணியும் செய்து தா தம்பி."

மேடைக்கு எல்லாரும் சொல்லும் உயரம் 36 அங்குலம். தையல் நாடாவை எடுத்து அம்மாவின் முழங்கையை மடக்கச் சொல்லி நிலத்திலிருந்து அளந்தேன்: 36 அங்குலம். மனைவிக்கு 40. வெட்டவும் பிசையவும் மேடை முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே இருந்தால்தான் தோள் நோகாது. அடுப்புப் பகுதி இன்னும் கீழே வரவேண்டும், ஏனென்றால் மேசை அடுப்பே நாலு அங்குலம், அதன்மேல் சட்டி. சிங் இதற்கு நேர்மாறு. கை போவது தொட்டியின் அடிக்கு, ஆகவே விளிம்பு உயரமாக இருக்கலாம். கடைசியில் மேடையை இரண்டு படியாகப் பிரித்தோம். அடுப்புக்கு 29 அங்குலம், சிங்கும் வெட்டும் இடமும் 34. மேசன் அண்ணைக்கு இது பிடிக்கவில்லை, "ஒரே மட்டமாய் இருந்தால்தான் வடிவு" என்றார். கிறனைற் வெட்டியவரும் அதையே சொன்னார். இப்போது வருகிறவர்கள் எல்லாம் முதலில் அந்தப் படியைத்தான் தடவிப் பார்க்கிறார்கள்.

அதே ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இன்னொன்றும் பிடிபட்டது. தங்கச்சியின் படங்கள் எல்லாவற்றிலும் அடுப்பு யன்னலுக்குக் கீழே இருந்தது. எங்கள் பெரிய யன்னல் தென்மேற்குப் பக்கம். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று எழும்பிவிட்டிருந்தது. காஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய குசினியில் அந்த யன்னலடியில் கல் அடுக்கி வைத்து மூட்டினேன். சுவாலை ஒரு பக்கமாகப் படுத்தது. பிறகு அணைந்தது. காஸ் மட்டும் சீறிக்கொண்டிருந்தது. மே தொடங்கி செப்ரெம்பர் வரை யன்னலைச் சாத்திக்கொண்டு சமைப்பதா? அதுவும் எங்கள் வீட்டில், மாதம் ஒருமுறை செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்துத் தூள் இடிப்பிக்கிற வீட்டில்? அடுப்பு கிழக்குச் சுவருக்குப் போனது, சிங் யன்னலடிக்கு வந்தது. ரொறன்ரோவில் சோளகம் இல்லை.

காஸ் சிலிண்டரையும் அன்றைக்கே வெளியே தள்ளினோம். 2021 கடைசியில் நாடெங்கும் அடுப்பும் சிலிண்டரும் வெடித்த செய்திகள் வந்தபின் அம்மா சிலிண்டருக்குப் பக்கத்தில் போகவே பயப்படுவார். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் நிலத்தோடு தேங்கும், மேலே இருக்கும் யன்னல் அதற்கு உதவாது. பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டர் இப்போது கிழக்குச் சுவருக்கு வெளியே கம்பிக் கூட்டுக்குள் நிற்கிறது. உள்ளே அடுப்புக்குக் கீழே சுவரின் அடியில் ஆறு அங்குலத்துக்கு ஒரு காற்றுத் துவாரம், எலி வராமல் வலை அடித்தது.

சரி, இவ்வளவும் திட்டம். இனி நடந்தது.

உடைப்பு மூன்று நாள். இரண்டாம் நாள், தண்ணீர்க் குழாய் புதைக்கச் சுவரில் கிறைண்டர் பிடித்ததும் வெள்ளைக்கல்லுக்கு இடையில் இருந்த சுண்ணாம்பு மாவாகக் கொட்டியது. இரண்டு அங்குலம் வெட்டப்போன இடத்தில் ஒன்பது அங்குலத்துக்குப் பள்ளம். காங்கேசன்துறை ஆலை 1950 இல் வந்து சீமெந்து அருகிலேயே கிடைத்தும், அப்பா ஏன் சுண்ணாம்பில் கட்டினார் என்று அம்மாவிடம் கேட்டேன். "சீமெந்துக்குக் காசு ஆர் தந்தது?" என்று கேட்டார். அது முடிந்த கதை.

அந்தப் பள்ளத்தால் வந்த பெரிய மாற்றம் சுவர் அலுமாரிகள் போனது. மேலே தொங்கும் அலுமாரி ஆறு அடிக்கு வரவேண்டும் என்பது மனைவியின் ஆசை. அலுமினியக்காரர் பிளக் அடித்து ஆணி முடுக்கினால் நிற்கும் என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு நீள ஆணியை அதேபோல முடுக்கி, பத்துக் கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டேன். முதல் நாள் நின்றது. மூன்றாம் நாள் விடிய அரிசி நிலத்தில், பூனை பக்கத்தில். அதோடு மேலே தொங்குவது எல்லாவற்றையும் விட்டு, வடக்குச் சுவரோடு நிலத்தில் நிற்கும் ஏழடி உயரப் பன்ரி அலுமாரி, அதாவது சமையல் சாமான் அடுக்கும் அலுமாரி ஒன்று செய்வித்தோம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடு வைத்திருப்பவர்கள் அரிசிப் பையைத் தொங்கவிட்டுப் பார்க்காமல் சுவர் அலுமாரிக்கு அட்வான்ஸ் கொடுக்கவேண்டாம்.

இனி அந்த 46 நாள். ஞாயிற்றுக்கிழமைகள் 11. கொங்கிறீற்றும் பூச்சும் தண்ணீர் குடித்து இறுகுவதற்கு நாங்களே விட்டது 10. சாமான் வராமல் 4. மேசன் அண்ணையின் மாமியார் செத்தது 3. மீதி 18 நாளும் ஒரு ஆள் வேலை முடித்து அடுத்த ஆள் வராமல் போன நாட்கள். மேசன் முடிப்பார், பிளம்பர் வரமாட்டார். பிளம்பர் வருவார், அதற்குள் மேசன் சுன்னாகத்தில் வேறு வேலை தொடங்கியிருப்பார். கரண்ட் வேலை செய்யும் தம்பி "நாளைக்கு விடிய வாறன் அண்ணை" என்று சொன்ன நாட்கள் கொப்பியில் ஆறு இருக்கிறது. எந்த நாளைக்கு என்று நான் கேட்டிருக்கவேண்டும்.

கொந்தராத்துக்காரர் கேட்ட 14 லட்சத்தில் என்ன இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. அவர் கூப்பிட்டால் பிளம்பர் அன்றைக்கே வருவார், ஏனென்றால் அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அவரிடம் வேலை இருக்கும். நான் வாழ்நாளில் ஒரு குசினிதான் கட்டுவேன். என்னுடைய அவசரத்துக்கு அவர்கள் ஓடிவர என்ன காரணம் இருக்கிறது? அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வேலை தெரிந்தவர்களில் கனபேர் வெளிநாடு போய்விட, மிஞ்சியிருப்பவர்களை நாலு வீட்டுக்காரர் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த இடைவெளியில் விழுந்த பெரிய அடி கழிவு நீர்க் குழாய். ஜூன் இரண்டாம் கிழமை பிளம்பர் வரவேண்டிய நாளில் வரவில்லை. மேசன் அண்ணையும் கையாளும் வந்து நிற்கிறார்கள், இரண்டு பேருக்கும் அன்றைய கூலி 8,500 ரூபா. சும்மா திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. நிலத்துக்குக் கொங்கிறீற் போடச் சொல்லிவிட்டேன். நான் எடுத்த முடிவு, வேறு யாரையும் சொல்ல முடியாது. ஐந்து நாள் கழித்துப் பிளம்பர் வந்து இரண்டு அங்குலக் குழாயைப் போட்டிருந்த கொங்கிறீற்றின்மேல் கிடத்தினார். சிங்கிலிருந்து வெளிக் கிடங்கு வரை 14 அடி. அடிக்குக் கால் அங்குலம் சரிவு என்றால் மூன்றரை அங்குலம் இறங்கவேண்டும். அங்கே கிடைத்தது ஒரு அங்குலம்.

"ஓடும் அண்ணை, தண்ணிதானே" என்றார்.

தண்ணீர் ஓடும். கழுநீரில் தேங்காய்ப்பூவும் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் வரும். மூட முதல் ஒரு வாளி தண்ணீரில் சாம்பலும் கொஞ்சம் சோறும் கரைத்து ஊற்றிப் பார்த்தேன். ஊற்றிப் பத்து நிமிடம் கழித்தும் நடுக்குழாயில் தண்ணீர் நின்றது, சோறு அங்கேயே கிடந்தது. ஐந்து நாள் வயதான கொங்கிறீற்றில் ஏழு அடியை உடைத்தோம். ஒரு நாள் கூலி வீணாகக்கூடாது என்று பார்த்ததற்குச் செலவு 38,000 ரூபா. உடைக்கும்போது மேசன் அண்ணை ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அதன்பிறகுதான் புத்தி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மேசன், பிளம்பர், கரண்ட்காரத் தம்பி, அலுமினியக்காரர் நாலு பேரையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டேன். வேலைக்கு இல்லை, தேத்தண்ணிக்கும் உளுந்து வடைக்கும். வெறும் குசினிக்குள் நின்று ஆளுக்கொரு நிறச் சோக்கட்டியால் சுவரில் கீறச் சொன்னேன். தண்ணீருக்கு நீலம், கரண்டுக்குச் சிவப்பு, அலுமாரி விளிம்புக்கு வெள்ளை. முக்கால் மணி நேரம்தான். அதற்குள் மூன்று சண்டை வந்தது, மூன்றும் சோக்கில் முடிந்தது. ஒரு பிளக் பொயின்ற் சரியாக அலுமாரியின் நடுத் தட்டுக்குப் பின்னால் வரவிருந்தது, சிங்குக்குக் கீழே குழாயும் லாச்சியும் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டன. இந்த வடையை மே 26 இல் சுட்டிருக்கவேண்டும்.

இன்னொரு வழியும் தற்செயலாகக் கிடைத்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கிணற்று மோட்டருக்கும் விறாந்தைக்கும் வயறிங் மாற்றவேண்டியிருந்தது. இரண்டு வீட்டு வேலையையும் சேர்த்துத் தருகிறேன் என்று கரண்ட்காரத் தம்பியிடம் சொன்னேன். அடுத்த நாள் விடிய ஏழு மணிக்குப் படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம்.

வயறிங்கில் கணக்கை நான் குறைத்துப் போட்டிருந்தேன். பழைய குசினியில் ஒரு விளக்கும் ஒரு பிளக்கும்தான். புதிதாக வரப்போவது கெற்றில் 2,200 வாற்று, மைக்குறோவேவ் 1,200, றைஸ் குக்கர் 900, கிறைண்டர் 750, பிறிட்ஜ் 150. காலை ஆறு மணிக்கு மனைவி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் 5,200 வாற்று, 230 வோல்ற்றில் கிட்டத்தட்ட 23 அம்பியர். எங்கள் இணைப்பே 30 அம்பியர். குசினிக்குப் பெரிய போர்டிலிருந்து தனியாக இரண்டு லைன் இழுத்து, பிறிட்ஜுக்கு ஒன்றும் மற்றவைக்கு ஒன்றும் பிரித்து, கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் ரிப் சுவிச்சையும் மாற்றினோம். 45,000 ரூபா கூடியது. ஈரக் கையோடு சுவிச் போடுகிற இடம் என்பதால் இந்தக் காசைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ரைல்ஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் பண்ணிப் பட்டேன். 154 சதுர அடி, இரண்டடிக்கு இரண்டடி ரைல்ஸ், கழிவு பத்து வீதம் சேர்த்தால் 43 வேண்டும். பெட்டியில் நாலு, ஆக 11 பெட்டி. அலுமாரிக்குக் கீழே எதற்கு என்று பத்துப் பெட்டி வாங்கினேன். மூலை வெட்டியதில் ஐந்து உடைந்தது. திரும்பக் கடைக்குப் போனால் அதே ரைல்ஸ், ஆனால் பெட்டியில் லொட் இலக்கம் வேறு. தனியாகப் பார்த்தால் ஒன்றுதான், பக்கத்தில் வைத்தால் ஒன்று பால், மற்றது தயிர். பதிந்தவர் பொறுமையானவர். பிறிட்ஜ் நிற்கும் இடத்திலும் அலுமாரிக்குக் கீழும் இருந்த நல்ல ரைல்ஸைக் கிளப்பி வெளியே போட்டு, தயிரை அங்கே ஒளித்தார்.

சிங்கில் தண்ணீர் திறக்கும் குழாய்க்கு வருவோம். தங்கச்சி அங்கிருந்து வந்த ஒருவர் கையில் கறுப்பு நிறக் குழாய் ஒன்று கொடுத்தனுப்பினாள். வடிவான சாமான். பூட்டித் திறந்தால் நூல் மாதிரித் தண்ணீர் வந்தது. எங்கள் தொட்டி குழாய்க்குப் பத்தடி மேலே இருக்கிறது. பத்து மீற்றர் உயரம் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம், பத்தடிக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. குழாய்ப் பெட்டியிலோ குறைந்தது ஒரு பார் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அழுத்தம் போதுமாக இருந்தாலும் எங்கள் கிணற்றுத் தண்ணீர் அதை விட்டுவைக்காது. சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருகிற தண்ணீர், கெற்றிலுக்குள் மூன்று மாதத்தில் வெள்ளைப் பொருக்கு கட்டும். கறுப்பில் ஒவ்வொரு துளியும் பொட்டாகத் தெரியும். பூட்டிய குழாய் ஸ்ரான்லி வீதியில் வாங்கிய சாதாரணக் குரோமியம், வாய் மூடியைக் கழற்றிப் புளித் தண்ணீரில் ஊறவைக்கலாம். தங்கச்சி வீடியோவில் கேட்கும்போது கமராவைக் கொஞ்சம் சரித்துப் பிடிப்போம்.

கழுநீர் முந்திப் போனதுபோலவே வாழைப்பாத்திக்குத்தான் போகிறது. நடுவில் கொழுப்புப் பிடிக்க மூடியுள்ள சின்னத் தொட்டி ஒன்று மட்டும் புதிது. பாத்தி கிணற்றிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது. எங்கள் மண்ணில் ஊற்றியது எல்லாம் வெடிப்பு வழியாகக் கிணற்றுக்கு வழி தேடும் என்பதால் பாத்தியை இன்னும் பின்னுக்கு எடுத்தோம். மாதம் இரண்டுமுறை தொட்டி அள்ளுவது என் வேலை. மணத்தைப் பற்றி எழுதவில்லை.

காசுக் கணக்கு: எட்டரை லட்சம் என்று தொடங்கி 10 லட்சத்து 92 ஆயிரத்தில் நின்றது. 28 வீதம் கூட. கூலி மட்டும் 3 லட்சத்து 15 ஆயிரம், அலுமாரிகள் 2 லட்சத்து 35 ஆயிரம். மேசனுக்கு நாட்கூலி, வயறிங்குக்குப் பொயின்ற் கணக்கு, அலுமினியத்துக்குச் சதுர அடி என்று மூன்று விதமாகக் கொடுத்தேன். அலுமினியக்காரரின் காசில் கடைசிப் பதினைந்து வீதத்தைக் கதவுகள் ஒரு மாதம் திறந்து மூடிய பிறகு தருவதாக முதலே பேசியிருந்தேன். இரண்டு பிணைச்சல் மாற்ற அவர் தானாகவே வந்தார். நாட்கூலிக்காரரிடம் அப்படிப் பேச முடியாது, பேசவும் கூடாது.

ஆடிக்கு முதல் முடித்துவிடலாம் என்று நினைத்த வேலை ஆடியைக் கடந்து, நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாக் கொடியும் ஏறிவிட்டது. வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் சமைக்காத நாட்கள் என்பதால் முற்றத்து அடுப்பில் சமையல் சுருங்கியது, அது ஒரு உதவி. ஆடிக்கூழும் அங்கேதான் காய்ச்சினோம். அம்மா அந்த அடுப்பை நேசிக்கத் தொடங்கிவிட்டார். பனைமட்டையும் ஊமலும் வைத்து எரிப்பார், கதிரையில் இருந்தபடி கிண்டுவார், போவோர் வருவோரோடு கதைப்பார். புதுக் குசினி முடிந்தபின் அதைக் கலைக்க விடவில்லை. மிஞ்சிய கல்லையும் பழைய தகரத்தையும் வைத்து ஒரு கொட்டில் போட்டுக் கொடுத்தோம். தூள் வறுப்பதும் மீன் பொரிப்பதும் இப்போது அங்கேதான்.

ஆவணி முதலாம் நாள் பால் காய்ச்சினோம். மேசன் அண்ணையையும் கூப்பிட்டிருந்தோம், வந்தார். 29 அங்குல மேடையில் பால் பொங்குவதை அம்மா நிமிர்ந்து நின்று பார்த்தார். மனைவி சிங்குக்குக் கீழ் லாச்சியை இழுத்துக் காட்டினாள். பாதியில் குழாய் வளைவில் இடித்து நின்றது. சோக்கில் முடிந்ததாக நான் நினைத்த சண்டை.

"நாளைக்கு வந்து சரிசெய்து தாறன் பிள்ளை" என்றார் மேசன் அண்ணை. கொப்பியில் ஒரு பக்கம் விட்டு வைத்திருக்கிறேன்.